நீர்நாய்த் தொட்டிக்குத் திரை போட்ட கதை

போன மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். வெளியூர் மிருகக்காட்சிசாலை ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். திருச்சியில் ஒரு காலத்தில் சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை இருந்ததாமே, நீங்கள் அதில் கீப்பராக இருந்தீர்களாமே என்று யாரோ சொல்லி வந்திருந்தார்கள். டீ குடித்துக்கொண்டே ஒருவர் சொன்னார்.

"இப்பல்லாம் ரூல் வந்துருச்சுங்க ஐயா. எந்தக் கூண்டா இருந்தாலும் மிருகம் ஒளிஞ்சுக்க ஒரு இடம் இருக்கணும். உங்க காலத்துல அதெல்லாம் ஏது?"

ஏதா! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கோபமில்லை, உற்சாகம்தான். நாற்காலியிலிருந்து நான் எழுந்த வேகத்தைப் பார்த்து என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "அவருக்கு பிரஷர் இருக்கு தம்பி, மெதுவாப் பேசுங்க" என்று அந்தப் பையன்களிடம் சொன்னாள். மெதுவாகப் பேசவேண்டியவன் நான்தான் என்பது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு இருட்டுகிற வரை அவர்களை நான் விடவில்லை. போகும்போது, சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதிவிட்டேன்.

எங்கள் பூங்கா பெரிதொன்றுமில்லை. ஊரில் வசதியுள்ள சிலர் கமிட்டி போட்டு நடத்திவந்தார்கள். ஒரு சிறுத்தை, இரண்டு கரடி, புள்ளிமான்கள், குரங்குகள், மயில்கள், வாயைத் திறந்தபடியே கிடக்கும் ஒரு முதலை. அந்த முதலை உயிருள்ளதா பொம்மையா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டையே நடக்கும். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே போனேன். என் அத்தா பாலக்கரையில் கறிக்கடை வைத்திருந்தார். சிறுத்தைக்குக் கறி எங்கள் கடையிலிருந்துதான் போகும், கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கீப்பர் ஒருவர் வேலையை விட்டுப் போனதும், "நீயே இரேன்ப்பா, சிறுத்தை உனக்குப் பழக்கம்தானே" என்றார்கள். சிறுத்தைக்குக் கறிதான் பழக்கம், நான் இல்லை. ஆனாலும் இருந்துவிட்டேன்.

முதல் சில வருடங்கள் கழுவினேன், வெட்டினேன், பூட்டினேன். அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. பூட்டுகிற முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரிய மிருகங்களின் கூண்டில் இரண்டு அறைகள் உண்டு. முன்னறை பார்வையாளர்கள் பக்கம், பின்னறை இருட்டு. நடுவில் மேலிருந்து இறக்கும் இரும்புக் கதவு. முன்னறையைக் கழுவவேண்டும் என்றால் கறியைக் காட்டி மிருகத்தைப் பின்னறைக்கு வரவழைத்துக் கதவை இறக்குவேன். இறக்கிய கதவைக் காலால் உதைத்துப் பார்ப்பேன். பிறகு "உள்ளே இருக்கு" என்று உரக்கச் சொல்வேன். கூண்டு கழுவுகிற அஞ்சலையக்கா சுற்றிப் போய்த் தன் கண்ணால் பார்த்து, "இருக்கு" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் வெளிக்கதவைத் திறக்கலாம். அஞ்சலையக்கா அதோடு நிறுத்தமாட்டார். "இருக்கு, உன்னயத்தான் பாக்குது, நீ மெதுவா வா" என்பார்.

கழுவி முடித்ததும் மிருகத்தை முன்னறைக்கு விட்டு, அதே நடுக்கதவை மறுபடி இறக்கிவிடுவோம். பின்னறைக்குப் போய் அது படுத்துக்கொள்ளக் கூடாதே! நல்ல கூண்டு என்றால் அப்போது அர்த்தம் இதுதான். கம்பிக்குக் கறுப்பு பெயிண்ட், தரையில் பினாயில் வாசனை, நடுவில் மிருகம். வைக்கோல் கிடந்தால் அழுக்கு, மரக்கிளை கிடந்தால் குப்பை. "மிருகத்தைக் காணோம்" என்று ஒருவர் முகம் சுளித்தால் கீப்பருக்குத் திட்டு விழும். கமிட்டிக்காரர்கள் வந்தால் முதலில் மூக்கால்தான் பார்ப்பார்கள், பினாயில் வாசனை வருகிறதா என்று. எங்கள் சிறுத்தை நாள் முழுக்கக் கம்பியோரமாக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கும். ஜனங்கள் அதைச் சுறுசுறுப்பு என்று மெச்சுவார்கள்.

இந்த நிலையில்தான் புது சூப்பிரண்டு வந்தார். பெயர் ராகவாச்சாரி. ஸ்ரீரங்கம். கால்நடைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று திருமண், கோட்டு, கையில் குடை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். வந்த முதல் நாள் ஆபீஸ் அறைக்குள் போகவே இல்லை. ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் ஜனங்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றார். பிறகு கோட்டைச் சுருட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குழந்தைகள் உயரத்திலிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கிறாராம். அஞ்சலையக்கா என் காதில், "இவரும் கூண்டுக்குள்ள போயிருவாரு போலருக்கே" என்றார். மறுநாள் உண்மையாகவே போனார்! கரடியைப் பின்னறையில் அடைக்கச் சொல்லி, முன்னறையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து கூட்டத்தைப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"கரீம், உள்ளேருந்து பாத்தா நாம எப்படி இருக்கோம் தெரியுமோ? வெறும் கையும் வாயுமா இருக்கோம்" என்றார்.

கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். "சரி, இப்போ ஜீவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் சொல்லும்வரை நகரமாட்டார். அதற்குக் கத்தியிருந்தாலே தேவலை என்று தோன்றும். சாயங்காலம் கேட்டருகே நின்றுகொண்டு, போகிறவர்களைப் பார்த்து, "என்ன, கரடி சேவை ஆச்சா?" என்று கேட்பார். பெருமாளைப் பார்த்தீர்களா என்று ஸ்ரீரங்கத்தில் கேட்கிற தோரணை. ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஆச்சு என்பார்கள். "என்ன பண்ணிண்டிருந்தது?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் வராது. சும்மா நின்றுகொண்டிருந்தது என்பதைத் தவிர யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஆற்றில் தண்ணீர் வடிந்த சமயம், கொள்ளிடத்தில் மீன் பிடிக்கிறவர்கள் வலையில் சிக்கிய இரண்டு நீர்நாய்களைக் கூடையில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று. அடடா, அன்றைக்கு எங்களுக்கு இருந்த துள்ளலைச் சொல்லி முடியாது! எந்த ஊரிலிருந்தோ வந்த மிருகமில்லை, நம் ஆற்றுப் பிராணி. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூட முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தண்ணீருக்கு மேலே ஒரு தலை தெரியும், அடுத்த கணம் இருக்காது. அவசர அவசரமாக வட்டமாக ஒரு தொட்டி கட்டினோம். பாதிக்குத் தண்ணீர், பாதிக்கு சிமெண்டு மேடை, சுற்றிலும் இடுப்பளவு சுவர். எந்தப் பக்கம் நின்றாலும் எல்லாம் தெரியும். கமிட்டித் தலைவர், ஒரு மில்லுக்குச் சொந்தக்காரர், தானே வந்து திறந்துவைத்தார். "தீனி நேரம் மாலை நான்கு மணி" என்று போர்டு எழுதி மாட்டினோம். ஊரே திரண்டு வந்தது.

ஆண் ஜோராக இருந்தது. மீனை வீசினால் அந்தரத்தில் பிடித்து, மல்லாந்து மிதந்தபடி தின்னும். ஜனங்கள் கைதட்டினார்கள். பெண் தொட்டியின் சுவரோடு மூக்கை ஒட்டி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதைத் திருப்பிப் பார்க்க ஆசைப்பட்டுப் பொரியையும் கடலையையும் வீசினார்கள். குடையால் தட்டினார்கள். அது சுவருக்குள்ளேயே புகுந்துவிடப் பார்த்தது. மீனைத் தொடவே இல்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. எண்ணெய் தடவினதுபோல் மின்னிய ரோமம் துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் வந்து பார்த்து நோய் ஒன்றுமில்லை என்றார். மீன்தான் பிடிக்கவில்லையோ என்று சூப்பிரண்டு என்னைக் காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறந்ததிலிருந்து மீன் வாசனையே அறியாத மனிதர்! அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கூடையாகக் குனிந்து, "இது ஆத்து மீனா, ஏரி மீனா? முள்ளு எப்படி?" என்று விசாரித்தார். அவர் நெற்றியையும் தன் கூடையையும் மாறி மாறிப் பார்த்த மீன்கார அம்மாள், "சாமி, வீட்ல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலையா?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

"எங்காத்துல இல்லேம்மா, பார்க்குல ஒருத்தி. சாப்பிடமாட்டேங்கறா" என்றார் அவர்.

அந்த அம்மாள் உயிருள்ள விராலாகப் பார்த்துப் பொறுக்கிப் பானையில் போட்டுக் கொடுத்தாள். கெளுத்தி போட்டால் முள்ளை ஒடித்துப் போடுங்கள் என்று புத்திமதி வேறு சொன்னாள். விரால், கெண்டை, கெளுத்தி, ஆரால் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தோம். எல்லாம் ஆண் வயிற்றுக்குள் போனது. சூப்பிரண்டு தினமும் சாயங்காலம் அம்மாமண்டபத்தில் இறங்கி ஆற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

விஷயம் தலைவருக்குப் போய்விட்டது. ஒருநாள் காரை விட்டு இறங்காமலே சொன்னார்.

"ஆச்சாரி சார், ஒண்ணு செத்துப்போற மாதிரி கெடக்குன்னு எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்றாங்க. ஜனங்க அதையா பாக்க வரணும்? சர்க்கஸ்காரன் ஒருத்தன் அந்த ஆணைக் கேக்குறான். ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டும் நல்லபடியா கண்ணுல பட்டா சரி. இல்லேன்னா ஆணை அவங்கிட்ட குடுத்துட்டு, தொட்டில ஃபவுண்டன் வெச்சுருவோம்."

பெண்ணை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அது தானாகவே முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 

மறுநாள் காலை அவர் வருகிற நேரத்துக்கு வரவில்லை. பிறகு பார்த்தால், பஸ் நிற்கிற இடத்திலிருந்து குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவருகிறார்! அந்த வயதில், அந்த உடம்போடு!

"கரீம்! திரை! திரை போடணும்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"கோயில்ல இன்னிக்கு நாழியாயிடுத்து. அடியேன் போறச்சே திரை போட்டுட்டா. பெருமாள் அமுது செய்யறார். எத்தனை பேர் நிக்கறா! யாராவது எட்டிப் பாக்கறாளா? யாராவது முணுமுணுக்கறாளா? அவர் சாப்பிடறச்சே நாம பாக்கப்படாது, அவ்வளவுதான். சின்ன வயசுலேருந்து அதையே பாத்துண்டு வரேன். இங்கே வந்து என்ன பண்ணிண்டிருக்கேன்? சாப்பாட்டு நேரத்தைப் போர்டு எழுதி மாட்டி ஊரைக் கூட்டறேன்!"

"சாமி, இது மீன் திங்கிற பிராணி. இதுக்குப் போயி..." என்று இழுத்தேன்.

"மீன் தின்னா என்ன, கூச்சம் இருக்கப்படாதா?" என்றார்.

அன்றைக்கு நாங்கள் வேலை செய்த வேகம் இருக்கிறதே! பந்தல்காரர் ஒருவரிடம் கனத்த படுதா வாங்கி வந்தோம். தொட்டியைச் சுற்றி மூங்கில் நட்டு, கயிற்றை இழுத்தால் ஒதுங்குகிற மாதிரி படுதாவைக் கோத்தோம். காட்டூர்ப் பக்கம் கிணற்று உறை செய்கிறவரிடம் கீறல் விட்ட உறைகள் இரண்டு கிடந்தன. அவற்றை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து, மேடையில் படுக்கவைத்து, ஒரு பக்கம் மண் போட்டு அடைத்தோம். குகை மாதிரி ஆகிவிட்டது. போர்டைக் கழற்றி எறிந்தார் சூப்பிரண்டு. பினாயில் வாளியோடு வந்த அஞ்சலையக்காவிடம், "இன்னிக்கு வேண்டாம்மா, அதுகளோட வாசனை அதுகளுக்கு இருக்கட்டும்" என்றார். "நல்லதாப் போச்சு, என் கையும் ஒருநாள் நாறாம இருக்கட்டும்" என்று அக்கா வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகு மீனை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து படுதாவை மூடினேன். ஓரமாக ஒரு சின்ன இடைவெளி இருந்தது, கண் தானாக அங்கே போயிற்று.

"நீயும் பாக்கப்படாது. திரும்பி நில்லு" என்றார் சூப்பிரண்டு.

இரண்டு பேரும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஆண் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மொறுக் மொறுக் என்று அவசர அவசரமாக மெல்லுகிற சத்தம். அது வழக்கம்தான். நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். கால் கடுத்தது. திடீரென்று இன்னொரு சத்தம். மெதுவாக, நிதானமாக. கறுக்... கொஞ்சம் இடைவெளி. கறுக்...

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பக்கமாக வந்த அஞ்சலையக்காவும் அப்படியே நின்றுவிட்டார். காதைத் தீட்டிக்கொண்டு, "ரெண்டு வாய் மெல்லுது!" என்று கிசுகிசுத்தார்.

கத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு. கத்தினால் நிறுத்திவிடுமே என்று தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். சூப்பிரண்டு கண்ணை மூடி, "ரங்கா, ரங்கா" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

ஆனால் ஜனங்கள்? "டிக்கெட் வாங்கிட்டு வந்து படுதாவைப் பாக்குறதா?" என்று மறுநாள் சண்டைக்கு வந்தார்கள். சூப்பிரண்டு ஒவ்வொருவரிடமும் போய், "சாப்பிடறது, கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ" என்று கைகூப்பிச் சொன்னார். நம் ஊர்க் கூட்டத்துக்குத் திரை முன்னால் காத்திருக்கச் சொல்லித்தரவேண்டுமா? அதற்கடுத்த நாளே வரிசை தானாக நின்றது. படுதாவுக்குப் பின்னாலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு, "தண்ணியில விழுந்துச்சு", "இப்ப மெல்லுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கயிற்றை இழுத்துப் படுதா விலகும்போது ஒரு "ஆ" எழும் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். ஸ்ரீரங்கத்து மாமிகள் சிலர் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்!

இருந்தும் ஒரு குறை. படுதா விலகியதும் ஆண்தான் விளையாடும். பெண் உறைக்குள் போய்விடும். தின்றது, தேறியும் வந்தது. ஆனால் வெளியே தெரிந்தது மூக்கு நுனி மட்டும்தான். தலைவர் கேட்டது இரண்டும் கண்ணில் படவேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். படுதாவை மூடிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தலைவர் இரண்டு விருந்தாளிகளோடு வந்துவிட்டார்.

"என்ன இது கூத்து? தொறங்க."

"தின்னுண்டிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் சூப்பிரண்டு.

"நான் சொல்றேன், தொறங்கன்னு."

சூப்பிரண்டு நகர்ந்து படுதாவுக்கும் தலைவருக்கும் நடுவில் நின்றார்.

"என்னை இப்பவே வேலையைவிட்டு அனுப்பிடுங்கோ, போயிடறேன். திரையை மட்டும் தொடப்படாது."

தலைவரின் முகம் சிவந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் அவமானம் வேறு. சூப்பிரண்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுதா விளிம்பில் கையை வைத்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் ஓரடி முன்னால் போனேன். அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், சார்! இருங்க சார், சாப்பிடுது!"

"கைய எடுங்க சார்!" என்றது இன்னொரு குரல். "வரிசையில நில்லுங்க!" என்றார் ஒரு பெண்பிள்ளை, தலைவர் யாரென்றே தெரியாமல். பிறகு யார் சொன்னது யார் சொல்லாதது என்று பிரிக்க முடியவில்லை. படுதாவைக் கிழிக்க வந்த கூட்டம்தான் இது, நான்கு நாளைக்கு முன்னால்! தலைவர் கையை எடுத்தார். உள்ளே இரண்டு வாய்கள் மெல்லுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டதை நான் பார்த்தேன்.

சத்தம் அடங்கியது. கயிற்றை இழுத்தேன். ஆண் வழக்கம்போல் வந்து ஒரு முழுக்குப் போட்டது. உறையின் வாய் இருட்டாக இருந்தது.

"இன்னொண்ணு எங்க?" என்றார் தலைவர்.

அத்தனை கூட்டமும் உறையின் வாயையே எட்டிப் பார்த்தது.

மூக்கு நுனி வந்தது. மீசை வந்தது. பிறகு முழுசாக வெளியே வந்தது பெண். வாயில் ஒரு கெண்டை. கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தது. மறுபடி உள்ளே போகப்போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. மேடை விளிம்பில் உட்கார்ந்து, மீனை முன்னங்கால்கள் இரண்டிலும் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் நேராகப் பார்த்தபடி தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது.

விருந்தாளி ஒருவர் கைதட்டப் போனார். தலைவர் சட்டென்று அவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

"உஷ்... சாப்பிடுது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அஞ்சலையக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பெண் மீனின் வாலைக்கூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்துவிட்டுத் தண்ணீரில் சரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. அப்போதுதான் கூட்டம் ஓவென்று கத்தியது. தலைவர் சூப்பிரண்டிடம் வந்து, "ஃபவுண்டனை வாசல் பக்கம் வெச்சுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிக்கே திரும்பிப் போய்விட்டார்.

ராகவாச்சாரி அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. அவர் கண் சிறுத்தைக் கூண்டின் மேல் இருந்தது. அது கம்பியோரமாக நடந்துகொண்டிருந்தது, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும்.

"கரீம், அந்த நடுக்கதவை இனிமே பகல்ல இறக்கி வைக்க வேண்டாம். தூக்கிக் கட்டிடு. வரட்டும், வராட்டா போகட்டும், அது இஷ்டம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்கு எத்தனை கஜம் படுதா வேண்டியிருக்கும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டு முடிக்கும்போது நான் சிறுத்தைக் கூண்டுக்குப் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தேன்.